வெளிநாட்டிலிருந்து வந்த புது ஆட்டக்காரர் எப்போது பழகுவார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரான்ஸ்ஃபர் சந்தை மூடிச் சில வாரங்கள் போனதும் ஒவ்வொரு வருடமும் இதே கேள்விகள் கிளம்பிவிடும். பெரிய விலைக்கு வாங்கிய ஸ்ட்ரைக்கர் இன்னும் கோல் போடவில்லை, புது டிஃபெண்டர் தடுமாறுகிறார், "இவர் இந்த லீக்குக்கு லாயக்கில்லை" என்று தீர்ப்பும் வந்துவிடும். அப்படித் தீர்ப்பு எழுதப்பட்டவர்களில் சிலர் பிறகு அந்தக் கிளப்பின் தூணாகவே நின்றிருக்கிறார்கள். பழக வேண்டிய பொறுப்பு முழுவதையும் ஆட்டக்காரர் தலையில் கட்டுகிறோம். கிளப்புக்கும் கோச்சுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். அதை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

புதிதாக வந்தவருக்கு எவ்வளவு காலம் கொடுக்கலாம்?

ஒரு முழு பிரீசீசன் (சீசன் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சிக் காலம்), அதன்பின் ஒரு முழு சீசன். என் கணக்கு இதுதான். எட்டு பத்து ஆட்டங்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தியரி ஹென்றி 1999 ஆகஸ்டில் யுவென்டஸிலிருந்து ஆர்சனலுக்கு வந்தார். முதல் எட்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. செப்டம்பரில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கித்தான் முதல் கோல் போட்டார். சீசன் முடிந்தபோது எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 26 கோல்கள். ஆர்சனலுக்காக அவர் போட்ட மொத்தம் 228. அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே அதிகம். அவருக்கு நான்கு வருடம் முன்னால் இன்டர் மிலானிலிருந்து அங்கே வந்த டென்னிஸ் பெர்க்காம்பும் ஏழாவது லீக் ஆட்டத்தில்தான் கணக்கைத் தொடங்கினார். அதுவும் சவுத்தாம்ப்டனிடம்தான்.

இவர்களுக்காவது வாரக்கணக்கில் முடிந்தது. டிடியே த்ரோக்பா 2004இல் செல்சிக்கு வந்து முதல் இரண்டு சீசன்களில் லீக்கில் 10, 12 என்று கோல் போட்டார். மூன்றாவது சீசனில் 20, லீக்கிலேயே அதிகம். லூகா மோட்ரிச் 2012இல் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்த நான்கைந்து மாதத்தில் 'மார்க்கா' நாளிதழ் நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் அந்த வருடத்தின் மிக மோசமான ஒப்பந்தம் என்ற பெயரை வாங்கினார். 2018இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருது அவர் கையில். வினிசியஸ் ஜூனியர் 18 வயதில் அதே கிளப்புக்கு வந்து முதல் மூன்று சீசனும் லீக்கில் ஒற்றை இலக்கத்திலேயே நின்றார். நான்காவதான 2021-22இல் 17 கோல்கள்; அந்த மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் விழுந்த ஒரே கோலும் அவருடையதுதான்.

எங்கே ஆடினாலும் கால்பந்து கால்பந்துதானே? லீக் மாறினால் அப்படி என்ன மாறுகிறது?

பந்து, கோல் கம்பம், ஆஃப்சைடு விதி எல்லாம் ஒன்றுதான். பந்து காலுக்கு வந்தபின் யோசிக்கக் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல.

ஒரு மிட்ஃபீல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகை எதிரணிக் கோலுக்குக் காட்டியபடி பாஸ் வாங்குகிறார். ஸ்பெயினில் பல அணிகள் அவர் திரும்பும்வரை இரண்டடி தள்ளி நின்று வழியை மட்டும் மறிக்கும். பின்னாலிருந்து இடித்தால் ரெஃப்ரி விசில் ஊதிவிடுவார் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் அதே பாஸ் வந்துசேரும் முன்பே முதுகில் ஒருவர் ஏறியிருப்பார், விசில் வராது, ஆட்டம் தொடரும். வருடக்கணக்கில் அந்த விசிலை எதிர்பார்த்தே உடம்பு பழகியிருக்கும். அது வராது என்று மூளைக்குத் தெரிந்தாலும் கால் மறக்க நாளாகும். பந்து பறிபோனதும் கையை விரித்து ரெஃப்ரியைப் பார்ப்பது புதிதாக வந்தவர்களிடம் நீங்கள் பார்த்திருக்கும் காட்சி. அந்த ஒரு நொடியில் எதிரணி இருபது கஜம் ஓடியிருக்கும்.

2000இல் மார்செயிலிருந்து ஆர்சனலுக்கு வந்த ராபேர் பிரேஸை, சண்டர்லாந்தில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில் கோச் ஆர்சன் வெங்கர் வேண்டுமென்றே பெஞ்சில் உட்காரவைத்தார். "உட்கார்ந்து பார், இங்கிலாந்துக் கால்பந்து எப்படியென்று தெரியும்" என்பதுதான் சேதி. அங்கே நடந்த முட்டல் மோதலைப் பார்த்து நான் ஏன் இங்கே வந்தேன் என்று திகைத்ததாகப் பிரேஸே பிறகு சொன்னார். அந்த முதல் சீசன் முழுக்க அவர் மென்மையான ஆள் என்ற பேச்சு இருந்தது. அடுத்த சீசனில் பத்திரிகையாளர் சங்கத்தின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு.

இங்கிலாந்துதான் கஷ்டம், மற்றதெல்லாம் சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். பெர்க்காம்ப் ஆயாக்ஸிலிருந்து 1993இல் இன்டருக்குப் போனபோது இத்தாலியில் தடுப்பாட்டம் கோலோச்சிய காலம். இரண்டு சீசனில் லீக்கில் மொத்தம் 11 கோல்கள். அதே ஆள் அதே காலத்தில் யுஇஎஃப்ஏ கோப்பையில் ஒரே சீசனில் 8 கோல் போட்டுக் கோப்பையையும் வென்றார். திறமை எங்கும் போய்விடவில்லை. லீக் ஆட்டத்தில் அவரைச் சுற்றி இருந்த இடம்தான் சுருங்கியிருந்தது.

அப்புறம் காலண்டர். ஜெர்மனியில் 18 அணிகள், 34 ஆட்டங்கள், கிறிஸ்துமஸை ஒட்டி நல்ல இடைவேளை. இங்கிலாந்தில் 20 அணிகள், 38 ஆட்டங்கள், இரண்டு உள்நாட்டுக் கோப்பைகள், கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் ஆட்டங்கள் அடுக்கடுக்காக வரும். டிசம்பர் வரை நன்றாக ஓடிய ஒருவர் ஜனவரி கடைசியில் கால் கனத்து நின்றால், அவர் உடம்பு எதற்குப் பழகியிருந்தது என்று முதலில் யோசியுங்கள்.

எந்தப் பொசிஷனில் பழகுவது ரொம்பக் கஷ்டம்?

கோல்கீப்பர். அடுத்து சென்டர் ஃபார்வர்டு. விங்கருக்கு ஒப்பீட்டளவில் சுலபம்; தன் எதிரில் நிற்கும் ஒருவரைத் தாண்டுவது எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வேலை.

கோல்கீப்பர் ஏன் என்பதற்கு டேவிட் டி ஹேயாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 2011இல் அத்லெடிகோ மாட்ரிட்டிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது வயது 20, ஒல்லியான உடம்பு. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக, சீசன் தொடங்கும் முன் நடக்கும் கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தில் எடின் ஜெகோ தூரத்திலிருந்து அடித்தது உள்ளே போனது. அடுத்த வாரம் வெஸ்ட் பிராமிச்சில் ஷேன் லாங் அடித்த பந்து, பிடித்திருக்க வேண்டியது, அவரைத் தாண்டி நழுவியது. அதன்பின் எதிரணிகள் எல்லாம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டன: கார்னர் அடிக்கும்போது இந்தப் பையனைச் சுற்றி இரண்டு மூன்று பேரை நிறுத்தினால் போதும், பந்துக்கு வர முடியாது. டிசம்பர் 31 அன்று பிளாக்பர்னிடம் சொந்த மைதானத்தில் 3-2 என்று தோற்றதும் அப்படிக் கார்னரில் வந்த கோலால்தான். ஸ்பெயினில் அந்தக் கூட்டத்துக்குள் கீப்பரைத் தொட்டாலே ஃபவுல் கிடைத்திருக்கும்.

சில வாரம் பெஞ்சில் இருந்துவிட்டுத் திரும்பினார். பிப்ரவரியில் செல்சியுடன் 3-3 ஆன ஆட்டம். கூடுதல் நேரத்தில் ஹுவான் மாட்டா அடித்த ஃப்ரீ கிக் மேல் மூலைக்குப் போனதை ஒரு கையால் தட்டிவிட்டார். இதற்குள் உடம்பில் சதை ஏற்றும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. கார்னருக்கு எல்லாவற்றுக்கும் ஓடிவருவதை விட்டு, எதற்கு வர வேண்டும், எதற்குக் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அடுத்த சீசனில் யுனைடெட் லீக்கை வென்றது. அந்த வருடத்தின் சிறந்த அணியில் கீப்பர் அவர்தான். ஸ்ட்ரைக்கர் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு வரும். கீப்பர் தவறவிட்டால் ஸ்கோர்போர்டில் ஏறிவிடும். பழகும் காலத்தில் செய்யும் ஒவ்வொரு பிழையும் எல்லோர் கண்ணிலும் படுவது அவருக்குத்தான்.

நெதர்லாந்தில் முப்பது கோல் போட்டவர் இங்கிலாந்துக்கு வந்து மூன்றுகூடப் போடவில்லையே?

நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கான எரடிவிசியின் கோல் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது உண்மை. மத்தேயா கெஷ்மன் பிஎஸ்வியில் இரண்டு சீசன் தொடர்ந்து முப்பதுக்கு மேல் போட்டுவிட்டு 2004இல் செல்சிக்கு வந்தார். லீக்கில் 4 கோல். அஃபோன்சோ ஆல்வெஸ் ஹீரென்வீனுக்காக 2006-07இல் 34 கோல் போட்டவர், அடுத்த சீசனில் ஒரே ஆட்டத்தில் ஏழு போட்டவர். மிடில்ஸ்பரோவில் ஒன்றரை சீசனில் லீக்கில் 10. கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

ஆனால் அதே பிஎஸ்வியிலிருந்து வந்த ரூட் வான் நிஸ்டல்ராய் யுனைடெட்டில் முதல் சீசனிலேயே லீக்கில் 23. ஆயாக்ஸிலிருந்து 2011 ஜனவரியில் லிவர்பூலுக்கு வந்த லூயிஸ் சுவாரெஸின் லீக் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது: அரை சீசனில் 4, பிறகு 11, பிறகு 23, கடைசியாக 31.

வித்தியாசம் எங்கே? அந்தக் கோல்கள் எப்படி வந்தன என்பதில். எரடிவிசியில் பெரிய கிளப்புகளுக்கும் சிறிய கிளப்புகளுக்கும் இடைவெளி அதிகம், தடுப்பு வரிசைக்குப் பின்னால் திறந்த இடமும் அதிகம். அந்தத் திறந்த இடத்தில் ஓடிப்போய் அடித்தவருக்கு இங்கே அது கிடைப்பதில்லை. நெருக்கத்தில், உடம்பில் ஒருவர் சாய்ந்திருக்கும்போதும் பந்தைக் காத்து அடித்தவருக்கு எங்கே போனாலும் கோல் வரும். வான் நிஸ்டல்ராயும் சுவாரெஸும் இரண்டாவது ரகம். எண்ணிக்கையைப் பார்த்து வாங்கிய கிளப் ஏமாந்தால் அதற்கு ஸ்ட்ரைக்கர் பொறுப்பாக மாட்டார்.

மொழி தெரியாமல் ஆட முடியுமா?

ஆட முடியும். மைதானத்தில் தேவைப்படும் சொற்கள் கொஞ்சம்தான்: ஆள் வருகிறான், திரும்பு, விடு, மேலே ஏறு. ஒரு மாதத்தில் வந்துவிடும். தடுப்பு வரிசையில் இருப்பவருக்கும் கீப்பருக்கும் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் அவர்கள் வேலையே மற்றவர்களை நிறுத்தி அடுக்குவது.

மொழியின் உண்மையான அடி மைதானத்துக்கு வெளியே விழுகிறது. ஏன் தன்னை வெளியே எடுத்தார்கள் என்று கோச்சிடம் நேரில் கேட்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால் குறை சொல்வது போல் ஆகிவிடும் என்று கேட்காமலே இருந்துவிடுவார். டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். இது மாதக்கணக்கில் நீடித்தால் யாருக்கும் மனம் ஒடியும்.

சன் ஹியூங்-மின் 16 வயதில் ஜெர்மனிக்குப் போய் அந்த மொழியைச் சரளமாகக் கற்றவர். 2015இல் டாட்டனத்துக்கு வந்து முதல் சீசனில் லீக்கில் 4 கோல்தான். ஜெர்மனிக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோச் பொச்செட்டினோ பேசி நிறுத்தினார். அடுத்த சீசனில் 14. 2021-22இல் 23 கோலுடன் முகமது சலாவோடு, லீக்கில் அதிகக் கோலுக்கான தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஒரு பேச்சு நடக்காமல் போயிருந்தால் டாட்டனம் எதை இழந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு வீடு, பள்ளிக்கூடமெல்லாம் ஒரு பிரச்சினையா?

ஆம், பிரச்சினைதான். பணம் இருந்தால் வீடு வாங்கலாம். எந்தத் தெருவில் வாங்க வேண்டும், பிள்ளையை எங்கே சேர்க்க வேண்டும், இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பணம் சொல்லிக்கொடுக்காது.

நிக்கோலா அனெல்காவின் கதை கேட்கவே சங்கடமானது. 1999இல் அன்றைக்கு மிகப் பெரிய தொகைக்கு, 20 வயதில், ஆர்சனலிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். முதல் நாள் டிரெஸ்ஸிங் ரூமில் அவருக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை என்று பிறகு சொன்னார். காலியாகத் தெரிந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒருவர் வந்து இது என்னுடையது என்பார். எழுந்து அடுத்ததில் உட்கார்ந்தால் அங்கும் அதே. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய கிளப்புக்கு ஒரு கொக்கியும் பெயர்ப் பலகையும் வைக்கத் தோன்றவில்லை. அடுத்த மார்ச்சில் பயிற்சிக்கு வர மறுத்து 45 நாள் இடைநீக்கம் ஆனார். திரும்பி வந்து சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பயர்னுக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் கோல் போட்டார், கிளப் கோப்பையை வென்றது. ஆனாலும் ஒரே சீசனில் பாரிஸுக்குப் போய்விட்டார்.

த்ரோக்பாவும் செல்சியில் ஆரம்ப நாட்களில் வீடு தேடவும் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடவும் தானே அலைய வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கிறார். ஆங்கேல் டி மரியா 2014இல் யுனைடெட்டுக்கு வந்து நன்றாகத்தான் தொடங்கினார். 2015 ஜனவரி கடைசியில் குடும்பம் உள்ளே இருக்கும்போதே வீட்டுக்குள் திருடர்கள் புக முயன்றார்கள். அந்தக் கோடையில் கிளம்பிவிட்டார். ஜனவரிக்குப்பின் அவர் ஆட்டம் சுருங்கியது என்று எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த இரவை நினைத்துப் பார்த்தார்கள்?

நல்லவிதமாக நடந்ததும் உண்டு. ஜூட் பெல்லிங்காம் 17 வயதில் பர்மிங்காமிலிருந்து டார்ட்மண்டுக்குப் போனபோது தாய் கூடவே போய்த் தங்கினார், தந்தை தம்பியோடு இங்கிலாந்தில் இருந்தார். 2023இல் மாட்ரிட்டுக்கும் தாய் கூட வந்தார். முதல் பத்து லீக் ஆட்டங்களில் பத்து கோல். திறமைதான் முதல் காரணம், மறுக்கவில்லை. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இருந்தது என்பதையும் நான் காரணங்களில் ஒன்றாகவே எடுத்துக்கொள்வேன்.

இப்போது பெரிய கிளப்புகளில் இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள். வீடு, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், மொழி வகுப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு ஆட்டக்காரரின் ஒரு வாரச் சம்பளத்தைவிடக் குறைவான செலவில் முடிகிற வேலை இது. செய்யாத கிளப்பைப் பற்றி எனக்குக் கோபம்தான் வருகிறது.

அணியில் சொந்த நாட்டுக்காரர் இருந்தால் சீக்கிரம் பழகுவாரா?

ஒருவர் இருவர் இருந்தால் ரொம்ப உதவி. 1978இல் உலகக் கோப்பையை வென்ற கையோடு ஆர்ஜென்டினாவின் ஆர்டிலெஸையும் வில்லாவையும் டாட்டனம் சேர்த்தே வாங்கியது. வெளிநாட்டுக்காரர்களே அரிதாக இருந்த லீக் அது. இருவரில் வில்லாவுக்குத்தான் பழகச் சிரமம் அதிகம்; பேச்சுத்துணைக்கு நண்பர் பக்கத்திலேயே இருந்தார். 1981 எஃப்ஏ கோப்பை மறு இறுதிப் போட்டியில் வெற்றிக் கோலை அடித்தவர் அந்த வில்லா.

கூட்டமாக வாங்கினால் கதை வேறு. 2013 ஜனவரியில் நியூகாசில் ஐந்து பிரெஞ்சுக்காரர்களை ஒரே மாதத்தில் கொண்டுவந்தது. முந்தைய சீசனில் ஐந்தாவதாக வந்த அணி அந்த முறை 16ஆவது இடத்தில் முடிந்தது. தனியாக ஒரு குழு உருவாகிவிட்டால் மற்றவர்களோடு கலக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

சீசன் நடுவே, ஜனவரியில் வாங்குவது தவறா?

தவறில்லை, ஆனால் பழக வேண்டியவருக்கு அது மிகக் கடினமான மாதம். பிரீசீசன் இல்லை, வாரத்துக்கு இரண்டு ஆட்டம், பயிற்சியில் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வருபவர் தன் சீசனை அப்போதுதான் முடித்துவிட்டு ஓய்வில்லாமல் வந்திருப்பார்.

2006 ஜனவரியில் யுனைடெட் நெமன்யா விடிச்சையும் பாட்ரிஸ் எவ்ராவையும் வாங்கியது. எவ்ராவின் முதல் ஆட்டமே மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில். பாதி ஆட்டத்தோடு வெளியே எடுக்கப்பட்டார், அணி 3-1 என்று தோற்றது. இருவரும் அந்த ஐந்து மாதத்தைத் தட்டுத்தடுமாறித்தான் கடந்தார்கள். அதன்பின் இருவருக்கும் தலா ஐந்து லீக் பட்டங்கள்.

சரியான முறை என்று எனக்குப் படுவது நியூகாசில் புரூனோ கிமரைஸுக்குச் செய்தது. 2022 ஜனவரி கடைசியில் லியோனிலிருந்து பெரிய தொகைக்கு வாங்கிவிட்டு, அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்ததால் கோச் எடி ஹோ அவரை அவசரப்படுத்தவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே கொடுத்தார். மார்ச்சில் சவுத்தாம்ப்டனில் முதல்முறை தொடக்க அணியில் இறங்கினார். குதிகாலால் தட்டி வெற்றிக் கோலைப் போட்டார்.

விலை அதிகமானால் எதிர்பார்ப்பும் அதிகமாக இருப்பது நியாயம்தானே?

விலையைப் பேசியது இரண்டு கிளப்புகள். ஆட்டக்காரர் அல்ல. 2001இல் அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலையான 28.1 மில்லியன் பவுண்டுக்கு யுனைடெட்டுக்கு வந்த வெரோனும், 2006இல் செல்சிக்கு வந்து இரண்டு சீசனில் லீக்கில் 9 கோல் மட்டும் போட்ட ஷெவ்சென்கோவும் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. வெரோனின் வேலையை யுனைடெட்டில் ஏற்கனவே வேறு இருவர் செய்துகொண்டிருந்தார்கள். ஷெவ்சென்கோ வந்தபோது வயது முப்பதை நெருங்கியிருந்தது, முன்வரிசையின் நடுவில் த்ரோக்பா இருந்தார். இடம் இல்லாத வீட்டுக்கு விலை உயர்ந்த கட்டில் வாங்கிய கதை அது.

விசா, வெளிநாட்டவர் வரம்பு இவையெல்லாம் பழகுவதைப் பாதிக்குமா?

பாதிக்கும். 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப்பின் ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர்கள் ஒன்றியத்துக்குள் எங்கும் வரம்பில்லாமல் ஆடலாம். ஸ்பெயினில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் ஒரு அணிக்கு மூன்று பேர்தான். இத்தாலியில் ஒன்றியத்தைச் சேராதவர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவர ஆண்டு வரம்பு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால் 2021 முதல் அங்கே போகும் ஒன்றியத்து ஆட்டக்காரர்களுக்கும் வேலை அனுமதிக்குப் புள்ளிக் கணக்கு. தேசிய அணி ஆட்டங்கள், முன்பு ஆடிய லீக்கின் தரம் போன்றவை கணக்கில் வரும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் கொடுக்கும் 25 பேர் பட்டியலில் உள்நாட்டில் வளராதவர்கள் 17க்கு மேல் கூடாது.

மூன்றே இடம் உள்ள அணியில் நான்காவதாக ஒருவர் வந்தால், பழக அவகாசம் கிடைக்கும் முன்பே லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு, அனுப்பப்படுவார். அங்கிருந்து இன்னொரு லோன். ஒவ்வொரு வருடமும் புது ஊர், புது கோச். இப்படிச் சிதறிப்போன இளம் ஆட்டக்காரர்கள் நிறைய.

பெரிய நட்சத்திரங்களுக்கும் இந்தச் சிக்கல் வருமா?

மெஸ்ஸிக்கே வந்தது. 2021 ஜூலையில் கோப்பா அமெரிக்கா முடிந்தது, ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் கையெழுத்து, பிரீசீசன் கிடையாது, வாழ்க்கையில் முதல்முறையாக பார்சிலோனாவை விட்டு வேறு கிளப். முதல் சீசனில் லீக்கில் 6 கோல். அடுத்த சீசனில் 16, கூடவே 16 அசிஸ்ட். நடுவே உலகக் கோப்பை வேறு. ஜோர்டன் ஹெண்டர்சன் 2023 கோடையில் சவுதிக்குப் போய் அடுத்த ஜனவரியிலேயே ஆயாக்ஸுக்குத் திரும்பினார்.

வந்த உடனே ஜொலிப்பவர்களும் உண்டே, அவர்களுக்கு மட்டும் எப்படி?

எர்லிங் ஹாலண்ட் சிட்டியில் முதல் சீசனிலேயே 36 லீக் கோல், பிரீமியர் லீக் சாதனை. (லீக் தொடங்குவதற்கு முந்தைய வாரம் கம்யூனிட்டி ஷீல்டில் ஆளில்லாத கோலைத் தவறவிட்டதற்கு எத்தனை கேலி!) ஹாரி கேன் பயர்னில் முதல் சீசனில் 36. நாப்போலி 2022இல் வாங்கிய குவாரட்ஸ்கெலியாவும் கிம் மின்-ஜேயும் முதல் வருடமே லீக் பட்டம் வென்று, ஒருவர் இத்தாலிய லீக்கான சீரி ஆவின் சிறந்த ஆட்டக்காரர், இன்னொருவர் சிறந்த டிஃபெண்டர். 2024இல் அதே கிளப்புக்குப் போன ஸ்காட் மெக்டாமினே 12 லீக் கோல் போட்டு சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

இவர்களுக்குப் பொதுவான ஒன்று: என்ன வேலை என்பது வருவதற்கு முன்பே தெளிவாக இருந்தது. கிம், கூலிபாலி விட்டுப்போன இடத்துக்கு வந்தார். சிட்டி வருடக்கணக்கில் கோல் முன்னால் பந்தை அனுப்பிக்கொண்டே இருந்த அணி. அங்கே முடித்துவைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மெக்டாமினேவை யுனைடெட்டில் பெரும்பாலும் தற்காப்பு மிட்ஃபீல்டில் வைத்திருந்தார்கள். பெனால்டி பாக்ஸுக்குள் தாமதமாக ஓடிவருவதுதான் அவர் பலம் என்று பார்த்து நாப்போலி கோச் கோன்டே முன்னே விட்டார்.

கோல் எண்ணிக்கை வேண்டாமென்றால் எதைப் பார்ப்பது?

மூன்று விஷயம் பாருங்கள். பந்து எங்கே கிடைக்கிறது: பழைய கிளப்பில் கோலுக்கு இருபது கஜத்தில் வாங்கியவர் இங்கே நடுக்கோட்டுக்கு வந்து வாங்குகிறார் என்றால் சிக்கல் அணியின் ஆட்டமுறையில். சக ஆட்டக்காரர்கள் அவரைத் தேடுகிறார்களா: அவர் சரியான நேரத்தில் ஓடியும் பாஸ் பக்கவாட்டில் போனால், அவர்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று பொருள். இது டிவியில் தெரியாது, கேமரா பந்தோடு போய்விடும். மைதானத்தில் உட்கார்ந்து அவரை மட்டும் பத்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, பந்தை இழந்தபின் என்ன செய்கிறார். தலையைத் தொங்கப்போடாமல் துரத்துகிறவர் பழகிக்கொண்டிருக்கிறார்.

கவலைப்பட வேண்டிய அறிகுறி என்றால், இரண்டாவது சீசனின் பாதியிலும் கோச் அவரை எங்கே ஆடவைப்பது என்று மாற்றிக்கொண்டே இருப்பது.

ஒரு கிளப்பில் தோற்றவர் வேறிடத்தில் ஜெயித்தால், முதல் கிளப் ஏமாந்துவிட்டதா?

பல நேரம் ஆம். சலா 2014 ஜனவரியில் பாசெலிலிருந்து செல்சிக்கு வந்தார், லீக்கில் 13 ஆட்டம், 2 கோல், பிறகு ஃபியோரென்டினா, ரோமா. 2017இல் அதே லீக்குக்கு, லிவர்பூலுக்குத் திரும்பி 32 கோல். லீக் அவருக்கு ஒத்துவரவில்லை என்ற பேச்சு அந்த ஒரு சீசனோடு செத்தது. அதே காலத்துச் செல்சியில் கெவின் டி புருய்னெ லீக்கில் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு வோல்ஃப்ஸ்பர்க்குக்கு விற்கப்பட்டார். சிட்டியில் ஆறு லீக் பட்டங்கள் வென்றார்.

டியேகோ ஃபோர்லான் வேறு மாதிரி. 2002 ஜனவரியில் யுனைடெட்டுக்கு வந்து முதல் கோலுக்கு எட்டு மாதம் ஆனது, அதுவும் ஒரு பெனால்டி. வில்லாரியலுக்குப் போன முதல் சீசனிலேயே ஸ்பெயினில் அதிகக் கோல், பிறகு அத்லெடிகோவில் இன்னொரு முறை, 2010 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து. யுனைடெட் ரசிகர்கள் அந்த எட்டு மாதமும் அவரைக் கைவிடவில்லை, இன்றைக்கும் அவர் பெயரில் பாடுகிறார்கள். அவரும் அந்தக் கிளப்பைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்.